பேசும் தராசு

(சபையின் ஆண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "அண்ணே, இருபது நிமிஷம் பேசுங்கள். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், பெரியவர்கள் தூங்கக் கூடாது" என்றார்கள். இரண்டாவது நிபந்தனை எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் அல்ல. நாற்பது வருஷம் மளிகைக் கடையில் தராசு பிடித்தவன். தெரிந்ததைப் பேசினால் தடுமாற்றம் குறையும் என்று தராசையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். ஆனால் என் கடைத் தராசை அல்ல. ஒரு நாளிதழில் வாய் திறந்து பேசிய தராசை.

பிள்ளைகளே, தராசு பேசுமா? "பேசாது" என்கிறீர்கள். சுப்பிரமணிய பாரதியாரின் தராசு பேசிற்று.

பாரதியாரைக் கவிஞர் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அவர் சோற்றுக்குச் செய்த வேலை பத்திரிகை வேலை. 1904இல் சென்னையில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய பத்திரிகை அது. பிறகு அரசாங்கத்தின் கெடுபிடி அதிகமானபோது, 1908இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய், பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வீட்டில் கஷ்டம், வாசலில் வேவுகாரர். அந்த நிலைமையில் இருந்துகொண்டு 'சுதேசமித்திர'னுக்குக் கட்டுரைகள் எழுதி அனுப்பினார். அவற்றில் ஒரு தொடருக்குத்தான் 'தராசு' என்று பெயர்.

அந்தத் தொடரில் ஒரு கடை உண்டு. கடையில் ஒரு தராசு உண்டு. அரிசி பருப்பு நிறுக்கிற தராசு அல்ல. மனிதருடைய பேச்சையும் எண்ணத்தையும் நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தராசு. கடைக்குப் பலவகை மனிதர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைக் கொண்டுவருவார்கள். தராசு பதில் சொல்லும். சிலர் மனம் குளிர்ந்து போவார்கள். சிலர் முகம் சுளித்துப் போவார்கள். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

தன் கருத்தை நேரே எழுதாமல் தராசின் வாயில் வைத்து எதற்காகச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். கடைக்காரனாகிய எனக்கு ஒரு காரணம் தோன்றியது. "ஐயா, உங்கள் பொருள் எடை குறைவு" என்று நான் சொன்னால் வாடிக்கையாளர் என்னோடு சண்டைக்கு வருவார். தராசு முள்ளைக் காட்டினால் சண்டை போட ஆள் இல்லை. நகைச்சுவையாக எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒருவன் முகத்துக்கு நேரே "நீ கஞ்சன்" என்றால் அடிக்க வருவான். கஞ்சனைப் பற்றி ஒரு கதை சொன்னால், அதே மனிதன் முதலில் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் யோசிப்பான்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் போனபோது எப்படிப் பேசினார்? "நீர் பாவம் செய்தீர்" என்று ஆரம்பிக்கவில்லை. ஒரு ஏழையையும் அவன் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றிக் கதை சொன்னார். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது, தீர்ப்பும் சொல்லிவிட்டார். அப்புறம்தான், அந்த மனிதன் நீரே என்றார். இரண்டு சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

பாரதியார் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் 'யேசு கிறிஸ்து' என்ற தலைப்பில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். நம்முடைய பர்மாவுக்கும் அவருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அவர் 1921இல் இறந்துபோனார். ஏழு வருஷம் கழித்து, 1928இல், பர்மா அரசாங்கம் அவருடைய பாடல் புத்தகங்களைத் தடை செய்தது. அதைப் பின்பற்றித்தான் சென்னை அரசாங்கமும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. உயிரோடு இல்லாத ஒரு மனிதருடைய சின்னப் புத்தகத்தைத் தட்டில் வைத்தபோது, பீரங்கியும் கப்பலும் வைத்திருந்த அரசாங்கத்துக்கு அது தாங்க முடியாத கனமாக இருந்திருக்கிறது.

இனி நம் ஊர்த் தராசுக்கு வருவோம்.

மிங்கலா சந்தையில் காய்கறி வாங்கினால் இன்றும் 'வீசை' கணக்குத்தான். பிள்ளைகளே, இந்த வீசை என்ற சொல் தமிழ்ச்சொல். அதைத்தான் ஆங்கிலேயரும் எடுத்து 'விஸ்' என்று எழுதினார்கள். ஆனால் ஒரு வேடிக்கை. பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோ. பர்மா வீசை சுமார் 1.63 கிலோ. பெயர் ஒன்று, எடை இரண்டு. இப்போது ஒரு கெட்டிக்கார வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வாங்கும்போது பர்மா வீசையில் வாங்கி, விற்கும்போது சென்னை வீசையில் விற்றால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் "ஒரு வீசை" என்று சத்தியம் பண்ணலாம். வாயில் ஒரு பொய்யும் இராது. பையில் மட்டும் பணம் சேரும்.

இந்தக் கெட்டிக்காரனை மோசே அன்றைக்கே பார்த்திருக்கிறார். உபாகமம் 25ஆம் அதிகாரத்தில், உன் பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டுவிதப் படிக்கற்களை வைத்திருக்காதே என்று கட்டளை இருக்கிறது. கடைக்காரர்களுக்கு மட்டும் எழுதின வசனம் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் பையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். நம் எல்லாரிடமும் இரண்டு வீசை இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் அது நீதிக்காக வந்த வைராக்கியம். உங்களுக்குக் கோபம் வந்தால் அது மாம்சம். நான் தாமதமாக வந்தால் சாலையில் நெரிசல். நீங்கள் தாமதமாக வந்தால் பக்திக் குறைவு. என் பிள்ளை கூட்டத்தில் ஓடினால் சுறுசுறுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடினால் வளர்ப்பு சரியில்லை.

பாரதியாரின் தராசை நம் ஆலய வாசலில் தொங்கவிட்டால் என்ன சொல்லும் என்று கற்பனை செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு சகோதரி வருகிறார். கையில் ஒரு ஜெபக்குறிப்பு. "தராசே, இன்னார் வீட்டுப் பெண்ணுக்காக ஜெபிக்க வேண்டும். என்ன விஷயம் என்றால்..." என்று தொடங்கி அரைமணி நேரம் விஷயத்தைச் சொல்லுகிறார். தராசு, "அம்மா, விஷயம் அரை வீசை இருக்கிறது. ஜெபம் எங்கே? தட்டில் காணோமே" என்கிறது.

அடுத்து ஒரு சகோதரர். "பிரசங்கம் நாற்பத்தைந்து நிமிஷம், தாங்கவில்லை" என்கிறார். "நேற்றுக் கால்பந்து எத்தனை நிமிஷம் பார்த்தீர்?" என்று தராசு கேட்கிறது. "தொண்ணூறு. கடைசியில் கூடுதல் நேரமும் கொடுத்தார்கள், ஸ்தோத்திரம்!" என்கிறார் அவர். சத்தத்தைக் கேட்டு அங்கே வந்த போதகர் ஐயா புன்னகை செய்கிறார். தராசு அவர் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்களும் நாற்பத்தைந்தில் பத்து நிமிஷம் ஒரே வார்த்தையை மூன்று தரம் சொன்னீர்கள்" என்கிறது. போதகர் ஐயா இதை மன்னிப்பார். மன்னிக்கும்படி நமக்குப் போதிக்கிறவர் அவர்தானே.

மூன்றாவது, நாம் எல்லாரும் சேர்ந்து வருகிறோம். நம் கையில் ஆண்டு விழா மலர். இந்த உரையும் அதில் அச்சாகப்போகிறது என்றார்கள். மலரைக் கையில் வாங்கியதும் எந்தப் பக்கத்தை முதலில் திறப்பீர்கள்? போதகர் ஐயாவின் வாழ்த்துரையையா, சபை வரலாற்றையா? உண்மையைச் சொல்லுங்கள். குழுப்படத்தில் நம் முகம் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவோம். முன்னால் நிற்கிறவரின் தலை மறைத்திருந்தால், அந்த வருஷ மலரே சரியில்லை. நானும் அப்படித்தான். போன மலரில் பாதி முகமும் ஒரு காதும் மட்டும் விழுந்திருந்தன. அச்சகத்தின் மேல் எனக்கு இரண்டு மாதம் வருத்தம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சபையில் சிரிக்கலாமா என்று சிலருக்குச் சந்தேகம். தமிழில் முதல் நாவல் எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கவைக்கும் புத்தகம். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து மனிதர்களைத் தினமும் நிறுத்துப் பார்த்த மனிதர் அதை எழுதினார்.

அவரைவிடப் பெரிய சாட்சி நம் ஆண்டவரே. கண்ணில் உத்திரம் வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் போகிறவனைப் பற்றி மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் சொல்லுகிறார். பிள்ளைகளே, உத்திரம் என்றால் என்ன தெரியுமா? மேலே பாருங்கள். கூரையைத் தாங்குகிற அந்தப் பெரிய மரம்தான். அதைக் கண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு ஒருவர் இந்தக் கூட்டத்துக்குள் நடந்துவந்தால் எத்தனை பேர் மண்டை உடையும்! வந்து உங்களைப் பார்த்து, "தம்பி, அசையாதே, உன் கண்ணில் ஒரு தூசி" என்றால் எப்படி இருக்கும்? 23ஆம் அதிகாரத்தில் இன்னொருவர் கொசு விழுந்துவிடாதபடி வடிகட்டிக் குடிக்கிறார், ஒட்டகத்தை முழுசாக விழுங்கிவிடுகிறார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்து முடித்தபின்தான் குத்தியிருக்கும்.

இங்கிலாந்தில் ஜி. கே. செஸ்டர்டன் என்று ஒரு பத்திரிகை எழுத்தாளர் இருந்தார். 1905 முதல் 1936இல் மரிக்கும் வரையில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்ற வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிவந்தார். ஊர் உலகத்தின் குற்றங்குறைகளையெல்லாம் சிரிக்கச் சிரிக்க எழுதினார். கர்த்தரிடத்தில் ஆழ்ந்த விசுவாசம் உள்ளவர். ஆள் மகா பருமன், மகா மறதி. ஒருநாள் கூட்டத்தில் பேசப் போனவர் வழியில் ஏதோ ஒரு ஊரில் இறங்கிவிட்டு, தான் எங்கே இருக்கவேண்டும் என்று கேட்டு மனைவிக்குத் தந்தி அடித்தார் என்றும், வீட்டில் இருக்கவேண்டும் என்று மனைவி பதில் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நம் வீட்டு ஆண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது.

அவர் பிரவுன் பாதிரியார் என்ற ஒருவரை வைத்துத் துப்பறியும் கதைகளும் எழுதினார். கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர் என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பாதிரியார் சொல்லும் இரகசியம் விசித்திரமானது. அவர் வெளியே தேடுகிறதில்லை. அந்தக் குற்றத்தைச் செய்தவனுடைய மனம் தனக்குள் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். நானும் இப்படிச் செய்யக்கூடியவன்தான் என்று உள்ளே கண்ட பிறகு, வெளியே ஆளைக் கண்டுபிடிக்கிறார்.

பாரதியாரும் அப்படித்தான். 'சின்னச் சங்கரன் கதை' என்று ஒரு கதையை எழுதி முடிக்காமல் விட்டுப்போனார். அதில் சமஸ்தானத்தைச் சுற்றித் திரியும் சின்ன வயசுக் கவிராயன் ஒருவனைக் கிண்டல் செய்கிறார். அந்தப் பையனில் எட்டயபுரத்தில் வளர்ந்த அவரையே படிக்கிறவர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பிறரை நிறுத்த எழுத்தாளர் தம்மையும் தட்டில் வைத்திருக்கிறார்.

இவ்வளவும் படித்தவைகளைச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது பட்டது.

என் தகப்பனாரிடம்தான் தராசு பிடிக்கக் கற்றேன். பொருளைப் போடுவதற்கு முன் வெறுந்தட்டைத் தூக்கிக் காட்டு என்பார். முள் நடுவில் நிற்கிறதை வாங்க வந்தவர் பார்க்க வேண்டும். அது மட்டும் போதாது, தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் துடை என்பார். ஏனென்றால் அந்தக் காலத்தில் சில கடைகளில் தட்டின் அடியில் கொஞ்சம் புளியை ஒட்டிவைப்பார்கள். மேலே பார்த்தால் தட்டு சுத்தம். எடைக்கல்லில் முத்திரை சரி. பேச்சில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவையிலும் புளியின் கனம் கடைக்காரனுக்கு லாபம். கடையில் நான் ஒருநாளும் புளி ஒட்டியதில்லை. அது என் பெருமை. அந்தப் பெருமையோடுதான் சபையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் நடந்தது. தேங்காய், வாழைத்தார், சேவல், பலகாரம் எல்லாம் வழக்கம்போல வந்தன. ஒரு சகோதரர் ஏலம் கூவிப் பணத்தை வாங்கினார். நான் கணக்கு எழுதினேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது பணம் குறைந்தது. ஆலயத்தின் பக்க அறையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "பணம் யார் கையில் இருந்ததோ அவரைத்தான் கேட்க வேண்டும்."

அந்த வாக்கியத்தில் பொய் இருக்கிறதா? இல்லை. எந்த நீதிமன்றத்திலும் அதற்காக என்னைத் தண்டிக்க முடியாது. ஆனால் தட்டின் அடியில் புளி இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சபைச் செயலாளர் பொறுப்புக்கு நானும் ஆசைப்பட்டேன். சபையார் அவரைத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் புளி ஒரு வருஷமாக ஒட்டியிருந்தது. அன்றைக்கு நிறுத்தபோது முள் அவர் பக்கம் சாய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வாக்கியம் நாற்பது பேர் வாய்க்குப் போய், வேறு வாக்கியமாகத் திரும்பி வந்தது. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவர் பதில் சொல்லியிருப்பார். ஒரு மாதத்தில் அவரே பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். இரண்டாவது வரிசையில் உட்காருகிறவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். அவருடைய மகன் வாலிபர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

பணம் எங்கே இருந்தது தெரியுமா? என் வேதாகமப் பையின் பக்க உறையில் இருந்தது. கூட்டத்தில் யாரோ அவசரமாக என் கையில் கொடுத்த ஒரு கட்டு. வைத்ததை மறந்துவிட்டேன். அவர் விலகின பிறகு ஒருநாள் கண்ணாடியைத் தேடும்போது கைக்குத் தட்டுப்பட்டது. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "ஏலப் பணம் முழுவதும் கணக்கில் சேர்ந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அறிவித்தேன். எங்கே இருந்தது என்று சொல்லவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சகோதரனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எடை குறைந்த அறிவிப்புத்தான்.

அப்படியே வருஷங்கள் போயின. கடைசி பெஞ்சைப் பார்க்காமல் ஆலயத்துக்குள் நடக்க எனக்குப் பழகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பாரதியாரின் கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். 'தராசு' பகுதியைப் படித்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேரன் பக்கத்தில் வந்து, "என்ன தாத்தா?" என்றான். பேசும் தராசைப் பற்றிச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாத்தா, அந்தத் தராசு எல்லாரையும் நிறுக்கிறதே, அதை யார் நிறுப்பாங்க?" என்று கேட்டான்.

நாற்பது வருஷம் தராசு பிடித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றினதில்லை. தராசு தன்னைத் தானே நிறுத்துக்கொள்ள முடியாது, பிள்ளைகளே. அதைக் கழற்றி வேறொரு தராசில்தான் வைக்க வேண்டும். நீதிமொழிகள் 16ஆம் அதிகாரம் இரண்டாம் வசனம் இதைத்தான் சொல்லுகிறது. மனுஷனுடைய வழியெல்லாம் அவன் பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும். ஆவிகளை நிறுத்துப் பார்க்கிறவர் கர்த்தர். பெல்ஷாத்சார் ராஜாவுக்கும் விருந்து நடுவில் சுவரில் எழுத்து வந்த பிறகுதான் தன் எடை தெரிந்தது. எனக்குச் சுவரில் எழுத்து வரவில்லை. பேரன் வாயில் வந்தது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். காண்டோஜி ஏரிப் பக்கமாக இரண்டு தரம் சுற்றி நடந்துவிட்டுத்தான் அவர் படியேறத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பையின் உறையைச் சொன்னேன், செயலாளர் ஆசையைச் சொன்னேன், புளியையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் குடிக்கவில்லை.

கடைசியில் அவர், "அண்ணே, நான் உங்களை மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சந்தேகப்பட்டது நாலு பேருக்கு முன்னால். மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளேயா?" என்றார்.

எடை சரியாக இருந்தது. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "ஆண்டு விழாவில் பேசக் கேட்டிருக்கிறார்கள். அங்கே சொல்லுகிறேன்" என்றேன்.

ஆகையால் சபையாரே, இந்த உரைக்கு இதுதான் காரணம். அந்த ஏலப் பணம் குறைந்ததற்கு அந்தச் சகோதரர் காரணம் அல்ல. பணம் என் பையில் இருந்தது. தவறு என்னுடையது. அதை மறைத்ததும் நான்தான். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் பெயர் சொல்லாவிட்டாலும் பெரியவர்களுக்குத் தெரியும். அன்று என் வாக்கியத்தைக் கேட்டு, அதை இன்னும் யாரிடமாவது கொண்டுபோனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், இந்த வாக்கியத்தையும் அதே வேகத்தில் கொண்டுபோகும்படி கைகூப்பிக் கேட்கிறேன்.

அவருடைய மகன் இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறான். அங்கே ஆலயத்துக்குப் போகிறானா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. எனக்காக ஜெபியுங்கள். இது உண்மையான ஜெபக்குறிப்பு.

இரண்டாவது வரிசைக்குத் திரும்பி வாருங்கள் என்று அந்தச் சகோதரரைக் கூப்பிட்டேன். "வேண்டாம் அண்ணே, கடைசி பெஞ்சில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது" என்றார். அப்படியானால் நான் அங்கே வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு முதல் என் இடம் அதுதான்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்களுக்கு யார் மேலாவது கோபம் வந்தால், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவதற்கு முன் தட்டைத் திருப்பி அடியில் பாருங்கள். புளி இருக்கிறதா? உங்களால் பார்க்க முடியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், சிநேகிதனிடம் கேளுங்கள். சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள். தேவனே, என்னை ஆராய்ந்து பாரும் என்று கேட்கிற ஜெபம் அது. பெரியவர்களே, பிள்ளைகள் நம்மை நிறுத்துச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதிருப்போம்.

இனி யாராவது ஒரு நகைச்சுவைப் பத்தியைப் படித்துச் சிரித்தால், சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் தேடுங்கள். குழுப்படத்தில் முகத்தைத் தேடுகிற அதே அக்கறையோடு தேடுங்கள். கண்டிப்பாக அகப்படும்.

கள்ளத்தராசை அருவருத்து, சரியான நிறைகல்லில் பிரியப்படுகிற நம் கர்த்தர், இந்தச் சபையில் நாம் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் நிறைவான எடையுள்ளதாக்குவாராக. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் சகோதரருக்கு நன்றி.

ஆமென்.